எண்ணெயோடு ஃபாதர் வந்த வெள்ளிக்கிழமை

எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு, எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற பெண்கள் என்னைச் சாட்சியம் சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆண்டவர் என்னைத் தூக்கி நிறுத்தினார் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது வராது என்றேன். அப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்குப் பாதி நம்பிக்கைதான். நடுவில் எதையோ விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள் என்று தோன்றும். வேண்டுமானால் எதையும் விடாமல் எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

என் பெயர் அமலோற்பவம். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. பஹ்ரைனில், மனாமாவில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். வீட்டுக்காரர் சகாயம் சவுதியில், யான்புவில் வெல்டர். மகன் ஜெனிஷுக்கு அப்போது ஒன்பது வயது, நாகர்கோவிலில் ஹாஸ்டலில் இருந்தான். மூன்று பேர், மூன்று ஊர். இங்கே யாரைக் கேட்டாலும் இப்படித்தான் ஏதாவது ஒரு கணக்குச் சொல்வார்கள்.

பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள் யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டாள். ஏனென்றால் அவளே சொல்கிறவள். ஒண்ணும் இல்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்போம். டாக்டர் இப்ப வந்திருவார் என்போம், அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கைவிட்டுப் போன கேஸ் என்றால் வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டு, செபம் பண்ணுங்க என்போம். எங்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான்: செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று, இனி ஒன்றும் இல்லை. ஆளைப் பார்த்துத் துவா என்போம், பிரார்த்தனை என்போம். சரக்கு ஒன்றுதான். வாரம் தவறாமல் பூசைக்குப் போகிற நானே அதை வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

வெயில் உச்சத்தில் இருந்த மாதம். மூன்று நாள் வயிற்றுப்போக்கு. குதைபியா ஏரியாவில் எங்கள் அறைக்குக் கீழே இருக்கிற ஷவர்மாக் கடைக்காரன் மேல் பழியைப் போட்டேன். அது சரியாகி ஒரு வாரம் கழித்து, காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போனது. குனிந்து பார்த்தால் இருக்கும். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கிளினிக் மானேஜர் காதுக்குப் போனால், வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி விசாவைக் கான்சல் பண்ணிவிடுவார், கலாஸ், கதை முடிந்தது. மூன்றாம் நாள் மாடிப்படியில் கால் மடங்கி உட்கார்ந்தேன். அதன் பிறகு எழ முடியவில்லை. ஸ்டெல்லாதான் டாக்ஸி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஸ்டெல்லா என் அறைத்தோழி. அதே கிளினிக், ஆறு வயது சின்னவள், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். இவளைப் பற்றி நான் என்னென்ன நினைத்தேன் என்பதையும் எழுதத்தான் போகிறேன்.

டாக்டர் சூடான்காரர். நெட்டையானவர், அதிகம் பேசாதவர். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. இன்னொரு கால், அதுவும் இல்லை. முதுகெலும்புக்கு நடுவே ஊசி விட்டு, தண்டுவடத்தைச் சுற்றி இருக்கிற நீரை எடுத்தார்கள். எறும்பு கடிச்ச மாதிரிதான் என்றாள் அங்கிருந்த நர்ஸ். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கையிலும் காலிலும் சின்னச் சின்ன ஷாக் கொடுத்து, நரம்பில் சேதி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளந்தார்கள். ஓடவில்லை, ஊர்ந்தது.

நோயின் பெயர் கில்லன் பாரே. வயிற்றுக் கிருமியை விரட்டப் புறப்பட்ட எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த நரம்புகளையே தாக்குகிறது. கரண்ட் ஒயருக்கு மேலே ரப்பர் இருக்கிற மாதிரி நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அது உரிந்துவிட்டால் மூளை சொல்வது கால் வரை போய்ச் சேராது. என் புத்திக்கு ஏற்ற நோய்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். சொந்த ஆளையே சந்தேகப்படுகிற நோய். காலில் தொடங்கி மேலே ஏறும். இடுப்போடு நின்றால் படுக்கை, மார்புக்கு ஏறினால் மூச்சு. பெரும்பாலானவர்கள் மெல்லத் தேறி நடந்துவிடுவார்கள் என்றார் டாக்டர். பெரும்பாலானவர்கள் என்ற அந்தச் சொல்லை நானும் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

மருந்து ஐந்து நாள் டிரிப்பாக ஏறியது. பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருள், நம் உடம்பின் வெறியை அது அடக்கும். விலை அதிகம். பாட்டிலில் லேபிள் ஒட்டியிருக்கிற விதத்தை வைத்து அது அசலா என்று பார்த்தேன். கிளினிக் மானேஜர் பூங்கொத்தோடு வந்தார். கையில் பூ, கக்கத்தில் ஃபைல். என்னை ஊருக்கு அனுப்பும் பேப்பர்தான் என்று நினைத்து, அவர் இருந்த பத்து நிமிஷமும் தூங்குகிற மாதிரி நடித்தேன். அது அந்த மருந்துக்காக இன்சூரன்ஸில் சண்டை போட்டு வாங்கிய அனுமதிக் கடிதம் என்று பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மூச்சை அளக்க ஒரு குழாய் உண்டு. வாயில் வைத்து முடிந்த மட்டும் ஊத வேண்டும், மீட்டரில் எண் காட்டும். நுரையீரல் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. ஓர் அளவுக்குக் கீழே போனால் மெஷினில் போட்டுவிடுவார்கள். நாலு மணிக்கு ஒரு தடவை ஊதினேன். முதல் இரண்டு நாள் ஃபிலிப்பினோ நர்ஸ் எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். மூன்றாம் நாள் மீட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வெரி குட் மேடம் என்றாள். எத்தனை என்று கேட்டேன். குட், குட் என்றாள். மீட்டரை அப்படித் திருப்பும்போது கட்டை விரலை எங்கே வைக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியும். எத்தனை தடவை திருப்பியிருக்கிறேன்.

எனக்கு வேண்டியிருந்தவை இரண்டு. மூச்சு நிற்காமல் என் பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டும். அது நடக்காதென்றால், நடக்காது என்று ஒருவராவது என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இரண்டாவதைத் தரக்கூட அந்த ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை.

சகாயம் தினமும் ஸ்டெல்லாவின் மொபைலுக்குப் போன் செய்தார். பாஸ்போர்ட் முதலாளி கஃபீல் கையில், அவர் ரியாத்துக்குப் போயிருக்கிறார், நாட்டை விட்டுப் போய்த் திரும்ப எக்ஸிட் ரீஎன்ட்ரி அடிக்க ஆளில்லை, பாத்திருவோம் பிள்ள என்பார். போனை ஸ்டெல்லா என் காதில் வைப்பாள். ஒருநாள் சைட் இரைச்சலுக்கு நடுவே அவர் அழுவது கேட்டது. போனை வைத்துவிடவும் இல்லை.

ஆனால் போன் என் காதுக்கு வருவதற்கு முன்னால் ஸ்டெல்லா அதை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தலையை ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்னும் அதிக நேரம் பேசினாள், நடுநடுவே சிரிப்பு வேறு. டியூட்டி முடிந்து, கஞ்சியும் சுட்ட பப்படமும் கொண்டுவந்து ஊட்டுகிறவள். சிக்கு விழாமல் என் தலைமுடியை இரண்டாகப் பின்னி விடுகிறவள். அவள் கை அப்படி வேலை செய்துகொண்டிருக்கும்போதே, என் புருஷனோடு இவளுக்கு அப்படி என்ன சிரிப்பு என்று என் புத்தி ஓடியது. என் இடத்தில் உட்காரப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. எதையும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை, இங்கே அதுதான் வார விடுமுறை. தோள் வரை ஏறியிருந்தது. விரல் நுனி மட்டும் கொஞ்சம் அசைந்தது. பூசை முடித்துவிட்டு ஸ்டெல்லா வந்தாள், பின்னால் ஃபாதர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. சிவகங்கைப் பக்கத்துக்காரர். இங்கே வெளியே வரும்போது அங்கி போடுவதில்லை, கட்டம் போட்ட சட்டைதான். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளி டப்பி. அதற்குள் இருப்பது எண்ணெய் என்று பார்த்ததுமே தெரிந்தது.

எங்கள் ஊரில் அதைப் பூசுவதற்கு அவஸ்தைப் பூசுதல் என்று பெயர். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த எண்ணெய் வரும். கோயில்பிள்ளை முன்னே மணியடித்துக்கொண்டு போக, ஃபாதர் பின்னே போவார். அந்த மணி கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு, இழவு கேட்கத் துட்டி வீட்டுக்குப் போகச் சேலை மாற்றுவாள். அதெல்லாம் அந்தக் காலம், இப்போது அதற்கு நோயில் பூசுதல் என்று பெயர், நடமாடுகிற நோயாளியும் கேட்டு வாங்கலாம் என்று பிரசங்கத்தில் சொல்லத்தான் செய்தார்கள். கடற்கரையில் ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் போட்டுக்கொள்ளவில்லை. டப்பியைப் பார்த்தேன், எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் சொல்லவில்லை என்று முடிவு கட்டினேன்.

"உங்ககிட்ட நம்பர் எத்தனன்னு சொன்னாங்க?" என்று கேட்டேன். அப்போதே குரல் மூக்கால் வந்தது.

என்ன நம்பர் என்றார். நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன்.

"நான் பிழைப்பேனா ஃபாதர்?"

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "தெரிஞ்ச மாதிரி பேசவும் வரல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"நீங்க தனியா கிடக்கக் கூடாதுன்னு வந்தேன். எண்ணெயும் அதுக்குத்தான். வேண்டாம்னா பூசல. சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

எட்டு நாளில் எனக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அது. சொன்னபடியே அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். தைரியமாக இருங்க என்றுகூடச் சொல்லவில்லை. டப்பியைத் தொடவும் இல்லை. கால் மணி நேரம் கழித்து நானே பூசுங்க என்றேன். நெற்றியில் வைத்தது சில்லென்று தெரிந்தது. உள்ளங்கையில் வைத்தது தெரியவே இல்லை. உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் ஆண்டவரிடம் சொல்லுங்கள் என்றார். மனசுக்குள் சொன்னேன்: நீரும் அந்த நர்ஸ் மாதிரி மீட்டரை உம் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர், எனக்குக் காட்டும். அதைச் செபம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அன்று சாயங்காலமே ஐசியுவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எண் இறங்கிவிட்டது. தூங்க வைத்து வாயில் குழாய் போடுகிறோம், பிறகு எழுப்புவோம் என்றார் டாக்டர். எண்ணெய் வந்தால் அடுத்தது இதுதான் என்ற எங்கள் ஊர்க் கணக்கு தப்பவே இல்லை. ஃபாதரையும் ஸ்டெல்லாவையும் சபித்துக்கொண்டேதான் கண் மூடினேன்.

கண் திறந்தபோது என்னிடம் மிச்சம் இருந்தவை இமைகள் மட்டும். ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை மூடித் திறக்க வேண்டும். மூச்சை மெஷின் விட்டது. மூக்கு அரித்தால் சொறிய வழியில்லை. வலி இருந்தது, நரம்புக்குள் கம்பி இழுக்கிற வலி, அதைச் சொல்ல வாயில்லை. நான் தூங்குகிறேன் என்று நினைத்து என் தலைமாட்டில் நின்று லீவைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் பேசுவார்கள். என் பேச்சு அதில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். நாலைந்து நாளில் அதுவும் அலுத்துவிட்டது. மெஷினை நிறுத்திவிடுங்கள் என்று இமையால் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கீழே நான் போனதில்லை. செபமும் வரவில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்குவேன், பாதியில் மெஷின் சத்தத்தை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

ஸ்டெல்லா ஒரு செபமாலையைக் கொண்டுவந்து டிரிப் கம்பியில் மாட்டிவிட்டுப் போனாள். பஹ்ரைன்காரி நர்ஸ் ஒருத்தி வந்து அதைப் பார்த்தாள். கழற்றி எறியப் போகிறாள் என்று நினைத்தேன். மருந்துக் குழாயில் சிக்காமல் கொஞ்சம் மேலே தூக்கி, சிலுவை என் பக்கம் பார்க்கிற மாதிரி பிளாஸ்டர் ஒட்டி நிறுத்தினாள். என்னைப் பார்த்து, சரியா என்பது போல் புருவத்தை உயர்த்தினாள். ஒரு தடவை இமைத்தேன்.

பிறகு நாள் முழுக்க அதைத்தான் பார்த்தாக வேண்டும், கழுத்தைத் திருப்ப முடியாதே. சின்ன வயதிலிருந்து பார்த்த உருவம்தான், ஆனால் ஒழுங்காகப் பார்த்ததில்லை. கையை அசைக்க முடியாது. காலை அசைக்க முடியாது. மூச்சு திணறுகிறது. ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறார்கள், தாகம் என்கிறார். என்னை ஏன் கைவிட்டீர் என்று தம் தகப்பனையே கேட்கிறார். என்னைவிடப் பெரிய சந்தேகம் அவர் வாயிலிருந்து வந்திருக்கிறது. அவரிடமும் யாரும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. இந்த ஆளுக்கு என் நிலைமை தெரியும் என்று தோன்றியது. எனக்கு முன்னால் இந்தக் கட்டிலில் கிடந்து போனவர் இவர். பிழைத்துவிடுவேன் என்று அப்போது தோன்றவில்லை. பிழைத்தாலும் செத்தாலும் கூட ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியது. அழுதேன், கண்ணீர் காதுக்குள் போனது.

உடனே சந்தேகமும் வந்தது. ஆக்சிஜன் குறைந்தால் மூளை இப்படியெல்லாம் நல்ல நல்ல எண்ணங்களைக் காட்டும் என்று படித்திருக்கிறேன். தலைமாட்டு மானிட்டர் எதிரே இருந்த கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். மெனக்கெட்டுத் திருப்பிப் படித்தேன். தொண்ணூற்றெட்டு. குறை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மெஷினை நிறுத்தச் சொல்லும் யோசனை எனக்கு வரவில்லை. அருள் நிறைந்த மரியேயை அன்றைக்குத்தான் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, கழுத்தில் சின்ன ஓட்டை போட்டு அதில் வேறு குழாய் வைத்தார்கள். நாலாவது வாரம் தோள்பட்டை ஒரு நூல் அசைந்தது. இந்த நோய் ஏறி முடித்த பிறகு தானாக இறங்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அதனால் செபத்தால் அசைந்ததா, மருந்தால் அசைந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். அசையாமல் கிடந்த நாட்களைத் தாண்டியது எதனால் என்று கேட்டால் மட்டும் பதில் சொல்வேன்.

ஐந்தாவது வாரம் மெஷின் இல்லாமல் மூச்சு விட்டேன். கழுத்து ஓட்டையை விரலால் மூடினால் காற்று தொண்டை வழியாக ஏறிப் பேச்சு வரும் என்றார்கள். என் விரல் அதற்கு வராது. வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா கையுறை மாட்டிக்கொண்டு தன் விரலை வைத்தாள். என் வாயிலிருந்து யாரோ ஒரு கிழவனின் குரல் வந்தது. ஜெனிஷ் என்றேன். போன் போடு என்றேன்.

அவள் முகம் மாறியது. "அக்கா, அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும். ஏசாண்டாம்."

வெள்ளிக்கிழமைதோறும் நான் ஹாஸ்டல் வார்டன் அறைக்குப் போன் போட்டு மகனோடு பேசுவது வழக்கம். நான் விழுந்த வாரம் பையன் பயந்துவிடுவான் என்று சகாயம் கெஞ்சியிருக்கிறார். அதிலிருந்து வெள்ளிதோறும் ஸ்டெல்லா பேசியிருக்கிறாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி, நானாக. எங்கள் இருவருக்கும் ஒரே கடற்கரைப் பேச்சு. என்ன கேட்பான், என்ன சொல்ல வேண்டும் என்பதைத்தான் தினமும் வராந்தாவில் நின்று சகாயத்திடம் பாடம் படித்திருக்கிறாள். என் இடத்தில் உட்காரப் பார்க்கிறாள் என்று நான் நினைத்தது சரிதான், இடம்தான் வேறு. கோபம் வந்தது. அவள் விரல் என் கழுத்தில் இருந்ததால் அவளை ஏசுவதற்கும் அவள் தயவு வேண்டியிருந்தது. போன் போடு என்று மட்டும் மறுபடி சொன்னேன்.

ஒரு கையால் என் காதில் போனையும் மறு கை விரலால் என் கழுத்தையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆரு?" என்றான் ஜெனிஷ்.

"அம்மா மக்கா."

"இது எங்கம்மா குரல் இல்ல. எங்கம்மா போன வாரமும் பேசினாவ."

எல்லாவற்றையும் சொன்னேன். காலில் தொடங்கியது, கழுத்து ஓட்டை, பேசியது ஸ்டெல்லா அக்கா என்பது வரை. மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. கடைசியில், எப்ப வருவீங்க என்றான். அடுத்த மாசம் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியாது மக்கா. கால் இன்னும் அசையல. அசையும்னு நம்பிட்டுக் கிடக்கேன்."

"எங்கம்மா எப்பவும் அடுத்த மாசம்னுதான் சொல்லுவாவ."

"அது நாந்தான். அது பொய்."

"அப்ப இது?"

"இது சத்தியம்."



"அப்ப நானும் ஒண்ணு சொல்லட்டா?" என்றான். "கணக்குல பெயிலு. இருபத்திரண்டு. அந்த அக்காகிட்ட எண்பத்திரண்டுன்னு சொன்னேன்."

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, விரல் நழுவிவிட்டது. நான் சிரித்த சிரிப்பு சத்தமில்லாமல் கழுத்து வழியாகவே போய்விட்டது. மறுமுனையில் அவன் அம்மா, அம்மா, இருக்கீங்களா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி விரலை வைத்தாள்.

"இருக்கேன் மக்கா," என்றேன்.